பெர்மனென்டா, கான்ட்ராக்ட்டா?

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் ஒரு பையனுக்கு வேலை கிடைத்துவிட்டது என்றால், சம்பளம் எவ்வளவு என்று யாரும் முதலில் கேட்பதில்லை. ‘பெர்மனென்டா, கான்ட்ராக்ட்டா?’ அதுதான் முதல் கேள்வி. பெண் பார்க்கப் போனாலும் இதே கேள்விதான்.

இப்போது எங்கள் வீட்டில் இந்தக் கேள்வி பாஸ்கெட்பால் பற்றி ஓடிக்கொண்டிருக்கிறது. தம்பி காலேஜ் டீமில் ஆடுகிறான். ஆறடி மூன்று அங்குலம். “வெளிநாட்டுல போய் லீக் ஆடணும்க்கா” என்கிறான். அப்பாவோ, “ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல ரயில்வேக்கு எழுதிப் போடுடா” என்கிறார். நான் நியூஸ் டெஸ்க்கில் இருப்பதால் பஞ்சாயத்து என்னிடம் வந்தது. போனவர்கள் என்ன ஆனார்கள் என்று தேட ஆரம்பித்தேன்.

முதலில் சத்னம் சிங். பஞ்சாப் கிராமத்து விவசாயக் குடும்பம். 2010-ல், 14 வயதில், அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் உள்ள ஐ.எம்.ஜி. அகாடமிக்குப் போனார். ஆங்கிலம் தெரியாது. பந்தை எப்படிப் போடுவது என்பதைவிட, கோச் என்ன சொல்கிறார் என்று புரிந்துகொள்வதே பெரிய பயிற்சியாக இருந்திருக்கும். 2015-ல் என்.பி.ஏ. டிராஃப்ட்டில் 52-வது ஆளாக டல்லாஸ் மேவரிக்ஸ் அவரைத் தேர்ந்தெடுத்தது. இந்தியாவில் பிறந்தவர்களில் அவர்தான் முதல் ஆள். நாடே கொண்டாடியது. ஆனால் ஒரு என்.பி.ஏ. மேட்ச்கூட அவர் ஆடவில்லை. அதற்குக் கீழ்நிலை லீக்கில் டெக்சாஸ் லெஜண்ட்ஸ் அணியோடு நின்றுபோனது. பிறகு தொழில்முறை மல்யுத்தத்துக்குப் போய்விட்டார்.

அடுத்து அம்ரித்பால் சிங். இவரும் பஞ்சாப், இவரும் விவசாயக் குடும்பம்தான். 2014-ல் சீனாவின் வூஹான் நகரில் சீன அணியையே 65-58 என்று இந்தியா தோற்கடித்ததே, அந்த அணியில் இருந்தவர். ஜப்பானில் ஆடினார். 2017-18 சீசனில் ஆஸ்திரேலியாவின் சிட்னி கிங்ஸ் அவரை எடுத்தது. அங்கே அவருக்குக் களத்தில் கிடைத்த நேரம் குறைவு. ஒரே சீசனோடு அந்தக் கதை முடிந்தது.

ஆசியாவின் பல லீக்குகளில் வெளிநாட்டு வீரரை ‘இம்போர்ட்’ என்றே கூப்பிடுகிறார்கள். ஒரகடத்தில் இம்போர்ட் என்றால் கன்டெய்னரில் வருகிற உதிரிபாகம்! அர்த்தம் ஒன்றும் பெரிதாக மாறவில்லை. ஓர் அணிக்கு இத்தனை பேர்தான் என்று வரம்பு இருப்பதால், வந்தவர் உடனே பாயின்ட் எடுத்தாக வேண்டும். எடுக்காவிட்டால் சீசன் நடுவிலேயே வேறு ஆள். சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை, ராத்திரி தூக்கம் வரவில்லை என்பதெல்லாம் ஸ்கோர் ஷீட்டில் ஏறாது.

இதை அம்மாவிடம் சொன்னேன். எங்கள் மாடியில் ஒடிசா பையன்கள் ஐந்து பேர் வாடகைக்கு இருக்கிறார்கள். எல்லோரும் கான்ட்ராக்ட். “மொத மூணு மாசம்தான்டி கஷ்டம். கூட உட்கார்ந்து சாப்பிட ஆள் இருந்தா நின்னுடுவாங்க. தனியா வந்தவன் தீபாவளிக்கு ஊருக்குப் போனா திரும்ப வர மாட்டான்” என்றார். எந்த விளையாட்டு நிபுணரும் இவ்வளவு தெளிவாகச் சொல்லி நான் படித்ததில்லை.

தேடியதில் எனக்கு ரொம்பப் பிடித்தவர் கீது அன்னா ஜோஸ். கோட்டயத்துப் பெண், ஆறடிக்கு மேல் உயரம். சென்னையில் தெற்கு ரயில்வேக்காக ஆடியவர். 2006-ல் மெல்போர்ன் புறநகரில் இருக்கும் ரிங்வுட் ஹாக்ஸ் கிளப்புக்குப் போனார். ஆஸ்திரேலிய கிளப்பில் ஆடிய முதல் இந்தியப் பெண். 2011-ல் அமெரிக்காவின் டபிள்யூ.என்.பி.ஏ.வில் சிகாகோ, லாஸ் ஏஞ்சலிஸ், சான் அன்டோனியோ என்று மூன்று அணிகளின் தேர்வுக்குப் போனார். இடம் கிடைக்கவில்லை. திரும்பி வந்து ரயில்வேக்கு ஆடினார். 2014-ல் அர்ஜுனா விருது வாங்கினார்.

“பார்த்தியா, ரயில்வே இருந்ததாலதான் அந்தப் பொண்ணு தைரியமா போச்சு” என்றார் அப்பா. “பார்த்தியா, ரயில்வேல இருந்துக்கிட்டே போயிருக்காங்க” என்றான் தம்பி. ஒரே விஷயம்தான், இரண்டு பேரும் ஜெயித்துவிட்டார்கள்!

உள்ளூரிலேயே லீக் இருந்தால் இந்தச் சண்டையே இல்லை. 2015-ல் யு.பி.ஏ. லீக் வந்தது, சென்னை ஸ்லாம் என்று அணிகூட இருந்தது. இரண்டு மூன்று வருடத்தில் லீக்கே போய்விட்டது. 2025-ல் ஐ.என்.பி.எல். ப்ரோ வந்தது. அதில் சென்னை ஹீட் இருந்தது, வெளிநாட்டு வீரர்களும் வந்து ஆடினார்கள். நம் சாப்பாட்டை அவர்கள் எப்படிச் சமாளித்தார்கள் என்று யாராவது ஒரு பேட்டி எடுத்திருக்கலாம். வாய்ப்பு வந்தால் நானே எடுப்பேன்.

தம்பி இப்போதைக்கு ரயில்வே ட்ரையலுக்குத் தயாராகிறான். போன ஞாயிற்றுக்கிழமை மாடிக்குப் போய், ஒடிசா பையன்களிடம் சாதம் வடிப்பது எப்படி என்று கற்றுக்கொண்டு வந்தான். ரயில்வேயில் சேர அது எதற்கு என்று அப்பா கேட்கவில்லை.