மொறிஸ் மைனரின் சிக்னல் வயர்கள்

பெப்ரவரி 8, சனி

பெரியப்பாவின் மொறிஸ் மைனர் 1000 வீட்டுக்கு வந்து சேர்ந்தது. 1965 மொடல். மண்ணெண்ணெயில் கார் ஓடிய யுத்த காலத்திலும் யாழ்ப்பாணத்தை விட்டு நகராத வண்டி. இப்போது வலது சிக்னல் நன்றாக மின்னுகிறது. இடதுபக்கம் போட்டால் மங்கலாக, ஒழுங்கில்லாத வேகத்தில் விட்டுவிட்டு எரிகிறது. சிக்னலுக்கான சின்னக் குறிவிளக்கு எட்டியும் பார்ப்பதில்லை. கராஜில் பார்த்தவர், "பிளாஷர் போட்டுது, புதுசு மாத்துங்கோ" என்றாராம்.

எனக்கு அதில் உடன்பாடில்லை. இரண்டு பக்கத்துக்கும் கரண்ட் கொடுப்பது ஒரே பிளாஷர்தான். வலதை அது ஒழுங்காக மின்ன வைக்கிறதென்றால், கோளாறு சுவிற்சுக்கு அங்கால், இடதுபக்கத்தில் எங்கோ இருக்கிறது.

பெப்ரவரி 9, ஞாயிறு

காலமை பொனற்றைத் திறந்து வயர்களின் நிறம் பார்த்தேன். அறுபது வருடத் தூசியைத் துடைத்தால் லூக்காஸ் நிறங்கள் இன்னும் தெரிகின்றன. பியூஸ் பெட்டியின் A4 முனையிலிருந்து பச்சை வயர் பிளாஷருக்கு. சாவி போட்டால்தான் அதில் கரண்ட். பிளாஷரின் L முனையிலிருந்து இளம்பச்சையில் மண்ணிறக் கோடு போட்ட வயர் சுவிற்சுக்கு. அங்கிருந்து பச்சை-சிவப்பு இடதுக்கும் பச்சை-வெள்ளை வலதுக்கும் பிரிகின்றன. P முனை குறிவிளக்குக்கு.

பிளாஷர் ஒரு சின்ன அலுமினிய டப்பாதான், உள்ளே இருக்கும் வேலை அருமையானது. இறுக்கி இழுத்துக் கட்டிய மெல்லிய கம்பி ஒன்று. சிக்னல் போட்டதும் கரண்ட் அந்தக் கம்பி வழியாகவும் ஒரு தடை வழியாகவும் போகிறது. பல்ப் எரிய அது போதாது, கம்பி சூடாகப் போதும். சூடேறிய கம்பி நீளும், தொடுமுனை மூடும், முழுக் கரண்டும் பல்புக்குப் போகும். அப்போது கம்பிக்கு வேலையில்லை. அது ஆறிச் சுருங்கித் தொடுமுனையைத் திறந்துவிடும். நிமிடத்துக்கு 60 முதல் 120 தடவை வரை இது நடக்க வேண்டும்.

பல்புக்குப் போகும் கரண்ட் ஒரு சுருளையும் கடந்து போகிறது. ஒரு பக்கத்தில் 21 வாற்ஸ் பல்ப் இரண்டு, மொத்தம் மூன்றரை அம்பியர். அந்தளவு ஓடினால்தான் சுருள் போதிய பலத்துடன் இழுத்துக் குறிவிளக்கை எரிய வைக்கும். குறிவிளக்கு எரியாவிட்டால் அந்தப் பக்கம் கரண்ட் குறைவு என்று பிளாஷரே சொல்கிறது. சேதி சொன்னதைக் கழற்றி எறியச் சொன்னால் எப்படி?

பெப்ரவரி 12, புதன்

பின்னேரம் மல்ரிமீற்றரோடு இருந்தேன். இடது சிக்னலைப் போட்டுவிட்டு முன்னால் போய்ப் பார்த்தால், அணைத்து வைத்த பார்க் லைற்றும் செந்நிறமாய் மினுங்குகிறது. அங்கேயே விஷயம் பிடிபட்டுவிட்டது. லைற் கூட்டுக்கு ஏர்த் சரியில்லாததால், சிக்னல் கரண்ட் பார்க் பல்ப் வழியாக வேறு வழி தேடிப் போகிறது.

லைற் கூட்டுக்கும் பற்றறியின் ஏர்த் முனைக்கும் இடையே அளந்தேன். எரியும்போது கிட்டத்தட்ட 3 வோல்ற். பூச்சியத்தை ஒட்டியிருக்க வேண்டிய அளவு அது. கறுப்பு ஏர்த் வயரின் புல்லட் கனெக்ரரை இழுத்ததும் பச்சைக் களிம்பு பொடியாய்க் கொட்டியது. உப்புக் காற்று செய்த வேலை. அரத்தாளால் பித்தளை மின்னும்வரை தேய்த்து, கனெக்ரரைப் புதிதாக்கி, மட்காட்டில் கூடு இறுகும் இடத்தின் பெயின்ரையும் சுரண்டினேன். குறிவிளக்கு பளிச்சென்று எரிந்தது. பிளாஷர் அதே பழையதுதான்.

பெப்ரவரி 15, சனி

தம்பி இலத்திரனியல் பிளாஷர் ஒன்றும் எல்ஈடி பல்புகளும் வாங்கி வந்தான். "அண்ணை, இனி ஒரு பிரச்சினையும் வராது." இந்தக் கார் பொசிற்றிவ் ஏர்த், பற்றறியின் கூட்டல் முனைதான் வண்டியின் உடலோடு சேர்ந்திருக்கிறது. சூட்டுக்கம்பிக்குத் திசை ஒரு பொருட்டில்லை. கடையில் கிடைக்கும் இலத்திரனியல் பிளாஷர்களிலும் எல்ஈடிகளிலும் பெரும்பாலானவை நெகற்றிவ் ஏர்த்துக்குச் செய்தவை. திருப்பி அனுப்பிவிட்டேன்.

1961க்கு முந்திய மைனர்களில் கதவுத் தூணிலிருந்து கை நீட்டும் சிக்னல்தான். 1961இல் மின்னும் விளக்கு வந்தபோது பின்னால் பிரேக் பல்பின் சிவப்பையே மின்ன வைத்தார்கள். 1963இன் கடைசியில்தான் தனிச் செம்மஞ்சள் விளக்கு வந்தது. பெரியப்பாவின் கார் அதற்குப் பிந்தியது என்பது என் அதிர்ஷ்டம்.

பெப்ரவரி 16, ஞாயிறு

பெரியப்பாவுக்கு நாலு லைற்றும் ஒன்றாய் மின்னும் ஹசாட் வேண்டும். இரவில் ஏ-9 வீதியில் வண்டி நின்றால் பின்னால் வரும் லொறிக்குத் தெரிய வேண்டும் என்கிறார். நியாயம்தான்.

இடது வலது வயர்களை ஒரு சுவிற்சால் சேர்த்தால் போதும் என்று பலர் செய்கிறார்கள். அது ஆபத்து. நாலு பல்புக்கும் 7 அம்பியர் வேண்டும், பழைய பிளாஷர் அதற்குச் செய்ததல்ல. சாவியை எடுத்தால் கரண்டும் இல்லை. வேறிடத்திலிருந்து கரண்ட் கொடுத்தாலோ, சிக்னல் சுவிற்ச் போட்டபடி இருந்தால், அது பழைய பிளாஷர் வழியே பின்னோக்கிப் போய் இக்னிஷனுக்கே ஏறலாம்.

ஆகவே எப்போதும் கரண்ட் உள்ள மண்ணிற வயரிலிருந்து தனிப் பியூஸ், ஊதா வயர், தனிக் கனரகப் பிளாஷர். ஹசாட் போடும்போது பச்சை வயரைத் துண்டித்து, பிறகே இரண்டு பக்கத்தையும் சேர்க்கும் சுவிற்ச். கனரகப் பிளாஷர் எத்தனை பல்ப் எரிந்தாலும் ஒரே வேகத்தில் மின்னும். ஹசாட்டுக்கு அது நல்லது. சிக்னலுக்கும் அதையே போட்டுவிட்டால் பல்ப் போனது ஓட்டுபவருக்குத் தெரியவே வராது.

பெப்ரவரி 22, சனி

இரவு ஒழுங்கையில் நிறுத்திச் சாவியை எடுத்துவிட்டுப் பார்த்தோம். நாலும் ஒன்றாய் மின்னின. பெரியப்பாவிடம் ஒன்றை மட்டும் கேட்டுக்கொண்டேன். சந்தியில் நேரே போவதற்கும் மழையில் ஓடுவதற்கும் இதைப் போடவேண்டாம். பச்சை வயர் துண்டிக்கப்பட்டிருக்கும்போது சிக்னல் போட்டாலும் வேலை செய்யாது, திரும்பும் பக்கம் பின்னால் வருபவருக்குத் தெரியாது. ஹசாட், நின்றுபோன வண்டிக்கு மட்டும்.