வரவேண்டிய பணம்

சர்க்காருக்கு ஜனங்கள் பணம் கொடுப்பது உலக வழக்கம். சர்க்கார் ஜனங்களுக்குப் பணம் கொடுப்பது அபூர்வம். ஆகையால், "உமக்கு இத்தனை ரூபாய் திரும்பி வரும்" என்று யாராவது சொன்னால், கேட்பவருடைய புத்தி சற்றுத் தடுமாறத்தான் செய்யும். அந்தத் தடுமாற்றத்தை நம்பியே பிழைக்கும் ஒரு கூட்டம் இப்போது தேசத்தில் பெருகியிருக்கிறது.

நம் தேசத்துக்கு வருமான வரியைக் கொண்டு வந்தவர் ஜேம்ஸ் வில்ஸன் துரை. 1857-ஆம் வருஷத்துப் போரினால் காலியான கஜானாவை நிரப்புவதற்காக 1860-இல் அதை விதித்தார். அதே வருஷம் கல்கத்தாவில் காலமானார். வரியோ நடுவில் சில காலம் மறைந்தாலும், மறுபடி பிழைத்து எழுந்துவிட்டது. அதன்மேல் நமக்குப் பிரியம் இல்லை. ஆனாலும் அதற்கு ஒரு நல்ல குணம் உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கடலாடித் தாலுகாவில் மாரியூர், வாலிநோக்கம் உப்பளங்களைக் காணும்போதெல்லாம் பழைய உப்பு வரி ஞாபகத்துக்கு வருகிறது. கஞ்சிக்குப் போட்ட உப்புக்குக்கூட வரி கொடுத்த ஏழைகளுக்கு, 1947-இல் அந்த வரி ஒழியும் வரையில், ஒரு தம்பிடி திரும்பக் கிடைத்ததில்லை. வருமான வரியில் அப்படியல்ல. அதிகமாகப் பிடித்ததைக் கணக்குப் பார்த்துத் திருப்பித் தரவேண்டும் என்பது சட்டம். எப்போது தருவார்கள் என்பதுதான் கேள்வி.

கடலாடி என்ற பெயரில் கடல் இருக்கிறது. ஊரிலிருந்து கடலைப் பார்க்க வேண்டுமானால் பல மைல் தெற்கே போகவேண்டும். நம் அண்டை வீட்டு வாத்தியார் ஐயாவுக்கு வரவேண்டிய பணமும் இப்படித்தான் இருந்தது: காகிதத்தில் உண்டு, கையில் இல்லை. அவர் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். வங்கியில் போட்டிருந்த நிரந்தர வைப்புத் தொகைக்கு ஒரு வருஷத்தில் 1,14,000 ரூபாய் வட்டி வந்தது. அதில் பத்தில் ஒரு பங்கை, அதாவது 11,400 ரூபாயை, வங்கி முன்கூட்டியே வரியாகப் பிடித்துக்கொண்டது. பென்ஷனையும் சேர்த்துக் கணக்கிட்டால் அவர் வரி கட்டவேண்டியதே இல்லை. ஆகவே 2025 ஜூலையில் கணக்குத் தாக்கல் செய்து, ரீபண்டு கேட்டார். மனைவியாருக்கு மதுரையில் கண்புரை சிகிச்சை செய்ய அந்தப் பணத்தைத்தான் நம்பியிருந்தார்கள்.

ஆவணி போயிற்று, ஐப்பசி போயிற்று. தெருவில் எதிர்ப்பட்டபோதெல்லாம், "தம்பி, சர்க்கார் என்னை மறந்துவிட்டதா?" என்று கேட்பார்.

சர்க்கார் எதையும் மறப்பதில்லை. தாக்கலாகும் கணக்குகள் எல்லாம் பெங்களூரிலுள்ள மத்தியச் செயலாக்க மையத்துக்குப் போகின்றன. தாக்கல் செய்த நிதியாண்டு முடிந்த பிறகும் ஒன்பது மாதம் வரையில் பரிசீலிக்க அந்த மையத்துக்குச் சட்டம் அவகாசம் கொடுக்கிறது. 2025 ஜூலையில் போட்ட கணக்குக்கு 2026 டிசம்பர் 31 வரை! பெரும்பாலோருக்கு அவ்வளவு நாள் ஆவதில்லை. ஆனால் கணக்குப் போட்ட முப்பது நாட்களுக்குள் அதைச் சரிபார்த்து உறுதி செய்யாவிட்டால், காலக்கெடுவுக்குள் போட்ட கணக்காக அது மதிக்கப்படாது. பான் எண்ணை ஆதாரோடு இணைக்காமல் அது செயலிழந்திருந்தால் ரீபண்டும் இல்லை, வட்டியும் இல்லை. பழைய வருஷத்துப் பாக்கி ஏதேனும் இருந்தால், கடிதம் எழுதிவிட்டு இந்தப் பணத்தை அதில் கழித்துக்கொள்ளலாம். அந்தப் பாக்கி தப்பென்றால் குறித்த நாளுக்குள் மறுப்புச் சொல்ல வேண்டும்.

இவற்றையெல்லாம் விட, தமிழர்களுக்கென்றே ஏற்பட்ட தொல்லை ஒன்று உண்டு. அது நம்முடைய 'இனிஷியல்'! நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது; தகப்பனார் பெயரின் முதல் எழுத்தை முன்னால் போட்டுக்கொண்டு நூறு வருஷமாகச் சௌகரியமாய் வாழ்ந்து வருகிறோம். பான் அட்டையோ ஒற்றை எழுத்தை ஏற்காது. அதில் தகப்பனார் முழுமையாக வந்து உட்கார்ந்துகொள்வார். வங்கிப் புத்தகத்தில் அவர் ஒரே எழுத்தாய்ச் சுருங்கி நிற்பார். ஆதாரில் சில சமயம் பிள்ளைக்குப் பின்னால் நிற்பார். 2019 மார்ச் முதல், பான் எண்ணோடு இணைந்த வங்கிக் கணக்குக்கே ரீபண்டு போகும் என்று விதி செய்திருக்கிறார்கள். இரண்டு பெயர்களையும் ஒப்பிடுவது மனிதர் அல்ல, யந்திரம். "கடலாடியில் இந்த வாத்தியாரை யாருக்குத் தெரியாது?" என்று யந்திரத்திடம் வாதாட முடியுமா?

இதற்கிடையில், கார்த்திகை மாதத்து மாலை ஒன்றில் வாத்தியார் ஐயா கைப்பேசியை ஏந்திக்கொண்டு மலர்ந்த முகத்தோடு வந்தார். ரீபண்டு மஞ்சூராகிவிட்டது என்றும், கணக்கு எண் சரியில்லாவிட்டால் கீழேயுள்ள இணைப்பைத் தொட்டுத் திருத்தவேண்டும் என்றும் ஒரு செய்தி. தொகை பதினையாயிரத்துச் சொச்சம்.

"எனக்கு வரவேண்டியது 11,400தானே தம்பி? கூடவே தருகிறார்களே!" என்றார்.

"அதனால்தான் ஐயா, தொடாதீர்கள்" என்றோம்.

2023 ஆகஸ்டில் இதே அச்சில் வார்த்த செய்தி ஒன்று, 15,490 ரூபாய் மஞ்சூராயிற்று என்று தேசமெங்கும் உலாவியது. அது பொய் என்று மத்திய சர்க்காரின் பத்திரிகைத் தகவல் அலுவலகமே அறிவிக்க நேர்ந்தது. இணைப்பைத் தொட்டால் இலாகாவின் பக்கத்தைப் போலவே ஒரு பக்கம் திறக்கும். கணக்கு எண், அட்டை எண், ஓ.டி.பி. என்று ஒவ்வொன்றாய்க் கேட்கும். பணம் போடுகிறவனுக்கு வீட்டு விலாசம் போதும். பெட்டிச் சாவி எதற்கு?

ஆனால் இலாகாவிலிருந்து மெய்யான செய்திகளும் வருகின்றன என்பதுதான் சங்கடம். 2025 டிசம்பரில் அநேகருக்கு, "உங்கள் ரீபண்டை நிறுத்தி வைத்திருக்கிறோம்; கழிவுகளில் பிழை இருந்தால் மாதம் முடிவதற்குள் திருத்துங்கள்" என்ற பொருளில் தகவல் வந்தது. அது மெய். பொய்யென்று தள்ளியவர்கள் கெடுவைத் தவறவிட்டிருப்பார்கள். எனவே செய்தி மெய்யா பொய்யா என்று அதன் முகத்தைப் பார்த்து ஜோசியம் சொல்வதில் பயனில்லை. அதை அப்படியே விட்டுவிட்டு, 'இன்கம்டாக்ஸ் டாட் கவ் டாட் இன்' என்ற விலாசத்தை நாமே தட்டி உள்ளே போய்ப் பார்க்கவேண்டும். மெய்யானால் அங்கேயும் இருக்கும். இலாகாவின் கடிதங்களுக்கு 2019 அக்டோபர் முதல் அடையாள எண் இடுகிறார்கள். அந்த எண் மெய்யா என்பதையும் அங்கேயே சோதிக்கலாம். அங்கே நாமே தட்டுகிற ஓ.டி.பி. வேறு, போனில் பேசுகிறவனுக்குச் சொல்லுகிற ஓ.டி.பி. வேறு. இதைக் கிழவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் பொறுமையாய் விளக்கவேண்டும். யாராவது ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல், அந்த நிமிஷமே 1930 என்ற எண்ணுக்குச் சொல்லி, வங்கிக்கும் தெரிவித்தால், போகிற பணத்தை வழியிலேயே தடுக்க வாய்ப்பு உண்டு.

வாத்தியாரை உட்கார வைத்து அந்தப் பக்கத்தைத் திறந்தோம். கணக்குப் பரிசீலனை செப்டம்பரிலேயே முடிந்திருந்தது. பணமும் புறப்பட்டு, பெயர் ஒவ்வாமல் வாசலிலிருந்தே திரும்பிப் போயிருந்தது! மறுநாள் வங்கிக்குப் போய்த் தகப்பனார் பெயரை முழுமையாக எழுதிக்கொடுத்தார். பிறகு கணக்கை மறுபடி சரிபார்த்து, பணத்தை மீண்டும் அனுப்பக் கோரும் விண்ணப்பத்தையும் போட்டோம். அதற்கு ஆடிட்டரும் வேண்டியதில்லை, தரகரும் வேண்டியதில்லை.

தை பிறக்கும் முன்னே பணம் வந்தது. மாதத்துக்கு நூற்றுக்கு அரை ரூபாய் வீதம் வட்டியாக ஐந்நூறு ரூபாய்ச் சொச்சமும் கூடவே வந்தது. வாத்தியார் ஐயா மதுரைக்குப் பஸ் விசாரிப்பதற்கு முன்னால், அந்த ஐந்நூறைத் தம் நோட்டுப் புத்தகத்தில் சிவப்பு மையால் குறித்துக்கொண்டார். அந்த வட்டியும் வருமானந்தானாம். அடுத்த கணக்கில் காட்டவேண்டுமாம்.