வெந்த கல், வேகாத கல்

சேலம், மே 11

மாடிக் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமலிருக்க அப்பா வைத்த கல் இன்னும் அங்கேயே கிடக்கிறது. வெள்ளைக்கல் சுரங்கத்தில் வேலை பார்த்தபோது கொண்டுவந்தது. மேல்தோல் பழுப்பு, உடைந்த முகத்தில் மங்கிய பாசிப்பச்சை, குறுக்கே நூல் பிடித்தாற்போல ஒரு வெள்ளைக் கோடு. அந்தக் கோடுதான் மேக்னசைட், எங்கள் ஊர் வெள்ளைக்கல். பச்சை, ஆலிவின். இளம் விண்மீன்களைச் சுற்றும் தூசித் தட்டுகளிலும் இந்த ஆலிவின் இருக்கிறது என்று இன்று படித்ததிலிருந்து கல்லை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை.

மே 13

தொட முடியாத தூசியில் என்ன தாது என்று எப்படிச் சொல்கிறார்கள்? விண்மீனின் சூட்டில் தூசி அகச்சிவப்பில் ஒளிர்கிறது. சிலிகேட் தூசியென்றால் நிறமாலையில் 10 மைக்ரான் பக்கம் ஒரு மேடு தெரியும். அணுக்கள் தாறுமாறாகக் கிடந்தால் மேடு மொழுக்கென்று இருக்கும். அவை வரிசைகட்டிப் படிகமாகியிருந்தால் கூர்முனைகள் எழும், 11.3 மைக்ரான் அருகே எழுந்தால் அது ஃபார்ஸ்டரைட், அதாவது மெக்னீசியம் மிகுந்த ஆலிவின்.

ஆரஞ்சு மிட்டாயும் கற்கண்டும் ஒரே சர்க்கரைதானே? அடுக்கில்தான் வித்தியாசம். விண்மீன்களுக்கு இடையே அலையும் தூசி அநேகமாக முழுக்க மிட்டாய் ஜாதி. அது கற்கண்டு ஜாதியாக மாற ஏறத்தாழ 1000 கெல்வின் சூடு வேண்டும்.

அப்பா சூளைப் பக்கமும் இருந்தவர். ஒரு துண்டை உடைத்து, முகத்தைப் பார்த்தே “இது வெந்த கல், இது வேகலை” என்று பிரித்துப் போடுவார். வானியலாளர்கள் செய்வதும் அதேதான்.

மே 17, நள்ளிரவு

மாடியில் நிற்கிறேன். தெற்கே கேட்டை சிவந்திருக்கிறது. அதற்குக் கீழே, சற்று வலப்பக்கம் ஓநாய் விண்மீன் குழு. அங்கே சுமார் 500 ஒளியாண்டு தொலைவில் ஈஎக்ஸ் லூப்பி இருக்கிறது; வெறும் கண்ணுக்குச் சிக்காது. 2008 ஜனவரியில் அந்த இளம் விண்மீன் திடீரென்று ஏறக்குறைய நூறு மடங்கு பிரகாசமானது. 2005இல் ஸ்பிட்சர் தொலைநோக்கி எடுத்த நிறமாலையில் மொழுக்கை மேடுதான் இருந்தது. 2008 ஏப்ரலில் பார்த்தபோது ஃபார்ஸ்டரைட்டின் முனைகள் எழுந்திருந்தன. இடையில் விண்மீன் மூட்டிய தீயில் தட்டின் மேற்பரப்புத் தூசி வெந்துவிட்டது. ஹங்கேரியின் பீட்டர் ஆப்ரஹாம் குழு 2009இல் இதை வெளியிட்டது. ஒரு சூளை பற்றவைக்கப்பட்டதையே பார்த்துவிட்டார்கள்!

மே 20

இதே மாடியில் 1997இல் அப்பா எனக்கு ஹேல்-பாப் வால்மீனைக் காட்டினார். “அத்தனையும் பனிக்கட்டியாம்டா” என்றார். அத்தனையும் பனியில்லை. ஐஎஸ்ஓ விண்கலம் அதன் தூசியில் ஃபார்ஸ்டரைட் படிகங்களைக் கண்டது. எச்டி 100546 என்ற இளம் விண்மீனின் தட்டு காட்டிய நிறமாலையும் கிட்டத்தட்ட அச்சாக அப்படியே இருந்தது. 2006இல் ஸ்டார்டஸ்ட் விண்கலம் வைல்டு 2 வால்மீனின் தூசியைப் பூமிக்கே கொண்டுவந்தது. அதிலும் ஆலிவின் படிகம். கூடவே இன்னும் கடும் சூட்டில் மட்டுமே உருவாகக்கூடிய கால்சியம், அலுமினியத் துணுக்குகள். உறைகுளிரில் திரண்ட உருண்டைக்குள் சூளைச் சரக்கு.

சூரியனைச் சுற்றியிருந்த தூசித் தட்டில் எழுந்த அதிர்வலை சில துகள்களை வெளியிலேயே சுட்டிருக்கலாம். ஆனால் அந்தக் கால்சியம் துணுக்குகளுக்கு அது போதாது. சூரியனருகே வெந்தவை வெளிவட்டம்வரை போயிருக்கவேண்டும். தட்டின் கொந்தளிப்பு மெல்லக் கலந்ததா, விண்மீனின் காற்று தூக்கி எறிந்ததா என்பதில்தான் வாதம்.

அப்பாவின் கல்லுக்கு இந்தக் கதை தெரியாது. அது பூமியின் அடியாழத்தில் உருகி மறுபடி பிறந்தது. பழைய அடுக்கெல்லாம் அங்கேயே அழிந்துபோனது. குளிரில் கிடந்த வால்மீன்தான் பத்திரமாக வைத்திருந்திருக்கிறது.

இன்று அப்பா இருந்து, நான் இதைச் சொல்லியிருந்தால், கொந்தளிப்பையும் காற்றையும் பொறுமையாகக் கேட்டிருப்பார். பிறகு சுரங்கத்துக்காரராக ஒன்றே ஒன்றுதான் கேட்டிருப்பார்: “அதுசரி, அவ்வளவு தூரம் லோடு அடிச்சது யாரு?”