மகள் வாசிக்க, நாம் ஒப்பமிட்டோம்

சென்ற மாதம் நமது இல்லத்தில் நிகழ்ந்த ஒன்றைச் சங்க அன்பர்களிடம் மறைப்பது முறையாகாது. அது நமக்குப் பெருமை தருவதன்று. ஆயினும் சாந்த்ராகாச்சியில் குடியிருக்கும் நம்மவர் வீடுகள் பலவற்றில் இதே கதை நடந்துகொண்டிருக்கக் கூடும்.

நமது மகளுக்கு வயது பன்னிரண்டு. பள்ளியில் அவளுக்கென ஓர் இணையக் கணக்குக் கொடுத்திருக்கிறார்கள். வீட்டுப்பாடங்கள் அதன் வழியே வருகின்றன. பள்ளியின் அறிவிப்புகளோ ஆங்கிலத்திலும் வங்காளியிலும் இருக்கும். இல்லாளுக்குத் தமிழன்றி வேறெழுத்துத் தெரியாது. நாம் பத்தாம் வகுப்புத் தேறி ரயில்வேயில் பார்சல் குமாஸ்தாவாய் அமர்ந்தோம். ஆங்கிலம் ஓரளவு வரும். ஆனால் இரவுப் பணி முடிந்து வந்தபின் மூன்று பக்க அறிவிப்பை வாசிக்கும் பொறுமை இருந்ததில்லை. ஆகவே மகளே வாசித்துப் பொருள் சொல்வாள், நாம் ஒப்பமிடுவோம். பார்சல் கொண்டுவருபவர் சொல்லும் எடையை நாம் ஒருநாளும் அப்படியே எழுதியதில்லை. தராசை நாமே பார்ப்போம். பெற்ற பெண்ணின் காரியத்தில் மட்டும் அவ்வழக்கம் எங்கோ போயிற்று.

ஒருநாள் இரவு அவள் உண்ணாமல் படுத்துக்கொண்டாள். தாய் பலமுறை கேட்டபின் அழுதுகொண்டே சொன்னாள். நமது கைப்பேசியில் அவள் ஆடும் விளையாட்டொன்றில் யாரோ நட்புக் கொண்டிருக்கிறார்; தாமும் பன்னிரண்டு வயதுப் பெண் என்றும் சென்னைவாசி என்றும் சொல்லி, தமிழிலேயே எழுதியிருக்கிறார். வகுப்பில் தமிழ் பேசத் துணையில்லாத குழந்தைக்கு அதுவே தூண்டிற்புழுவாயிற்று. சீருடையில் ஒரு படம் கேட்டார்; அனுப்பிவிட்டாள். அதில் பள்ளியின் பெயரும் இருந்தது. பிறகு வேறுவிதப் படங்கள் கேட்டு, வீட்டில் சொல்லக்கூடாது என்று மிரட்டியிருக்கிறார்.

மூன்று நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டோம்.

"சொன்னால் போனைப் பிடுங்கிக்கொள்வீர்களே, அப்பா."

உண்மையில் அதற்குள் நமது கை கைப்பேசியின்மேல்தான் இருந்தது.

மறுநாள் விடுப்பெடுத்துப் பள்ளிக்குச் சென்றோம். கணினி ஆசிரியை கோபிக்கவில்லை. முதலில் அந்த உரையாடலை அழிக்காமல் திரையைப் படம்பிடித்து வைக்கச் சொன்னார். பிறகு அந்த நபரைத் தடுக்கச் சொன்னார். மத்திய உள்துறையின் சைபர் குற்றப் புகார்த் தளத்தில் பதிவு செய்யவும் வழி காட்டினார். குழந்தைகளுக்கான 1098 என்ற உதவி எண்ணையும் குறித்துக் கொடுத்தார். பின்பு ஒரு கேள்வி கேட்டார்: "அந்த விளையாட்டு எந்தக் கணக்கில் இருக்கிறது?"

நமது கணக்கில். அதன்படி அவளுக்கு வயது முப்பத்தாறு.

கூகுள் நிறுவனம் 2021 செப்டம்பர் முதல் பள்ளிக் கணக்குகளில் பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்கு யூடியூப் முதலியவற்றைக் கட்டுப்படுத்தி வருகிறது. ஆனால் அக்காவல் அந்தக் கணக்குக்குள் மட்டுமே. தந்தையின் கணக்குக்குள் நுழைந்த பிள்ளையை அது தொடராது. பள்ளிக் கருவிகளிலும் ஓட்டையில்லாமலில்லை. 2020 ஏப்ரலில் சிங்கப்பூரில் ஜூம் வகுப்பொன்றில் அந்நியர் புகுந்து ஆபாசப் படம் காட்டவே, அந்நாட்டுக் கல்வி அமைச்சகம் அச்செயலியைச் சிறிது காலம் நிறுத்திவைத்தது. நமது மாநிலத்தில் மாணவர் கைக்கணினி வாங்க அரசு தரும் 10,000 ரூபாய், 2024-இல் பலருக்கு வந்து சேராமல் வேறு வங்கிக் கணக்குகளுக்குப் போய்ப் பலர் கைதானது அன்பர்களுக்கு நினைவிருக்கலாம்.

இன்னொன்றும் அன்று அறிந்தோம். 2023-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பதினெட்டு வயதுக்குட்பட்டோரின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. நல்ல சட்டந்தான். ஆனால் சம்மதப் படிவத்தைப் பிள்ளையே வாசித்துச் சொல்லும் வீட்டில் அது யாருடைய சம்மதம்? தமிழகத்தில் வாழும் உறவினருக்கு இந்தச் சங்கடம் நம்மளவு இராது.

ஞாயிற்றுக்கிழமை மூவரும் அமர்ந்தோம். கைப்பேசியின் மொழியைத் தமிழுக்கு மாற்றியவள் மகளேதான். அந்தத் தமிழ் சற்று விறைப்பானது. இருந்தாலும் இல்லாள் எழுத்துக்கூட்டி 'அமைப்புகள்' என்பதைத் தாமே வாசித்துத் திறந்தார். மகளுக்கு அவளுடைய மெய்யான வயதில் தனிக் கணக்கு ஏற்படுத்தி, அதைப் பெற்றோர் மேற்பார்வையில் இணைத்தோம். விளையாட்டு நீங்கவில்லை, அந்நியரோடு உரையாடும் வசதியை மட்டும் அடைத்தோம். எது நேர்ந்து வந்து சொன்னாலும் கைப்பேசியைப் பறிப்பதில்லை என்று வாக்கும் கொடுத்தோம். அவ்வாக்கைக் காப்பது நமக்கு எளிதாயிராது என்று இல்லாளுக்குத் தெரியும்.

புகாருக்கு எண் வந்திருக்கிறது. விசாரணையின் முடிவு இன்னும் வரவில்லை. அனுப்பிய படமும் எங்கோ இருக்கிறது. மகள் இப்போது உண்கிறாள், உறங்குகிறாள். பள்ளியின் அடுத்த அறிவிப்பு செவ்வாயன்று வந்தது. அகராதியை அருகில் வைத்துக்கொண்டு நாமே வாசித்தோம்; ஒரு மணி நேரம் ஆயிற்று. இரண்டு சொற்களுக்கு மகளைத்தான் கேட்க வேண்டியிருந்தது.