இருபத்தைந்து மணிகள்

கடந்த ஆண்டு தைப்பூசத்திற்குச் சில நாள்களுக்கு முன்பு பாட்டி குளியலறையில் வழுக்கி விழுந்தார். வலக்கை மணிக்கட்டில் எலும்பு முறிந்துவிட்டது. மருத்துவமனைக்குப் போய்ச் சேர்வதற்குள் கை புசுபுசுவென்று வீங்கியது. அந்தக் கையில் கிடந்த தங்க வளையலைக் கழற்ற முடியவில்லை. இரத்த ஓட்டம் தடைப்படும் என்று சொல்லி, தாதி சிறிய கருவி ஒன்றால் அதை வெட்டி எடுத்தார். முறிந்த எலும்பின் வலியை எல்லாம் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்ட பாட்டி, இரண்டு துண்டாகக் கிடந்த வளையலை அம்மாவின் உள்ளங்கையில் பார்த்ததும் கண்கலங்கினார்.

மாவுக்கட்டைப் பிரித்த பிறகு, வளையலைப் பற்றவைத்துத் தருவதாக நகைக்கடைக்காரர் சொன்னார். பற்றவைத்து என்ன பயன்? மூட்டுவாதத்தால் பாட்டியின் விரல் முட்டிகள் ஏற்கெனவே தடித்துப் போயிருந்தன. இனி எந்த வளையலும் அவற்றைத் தாண்டி உள்ளே ஏறாது. இடக்கையில் அதன் இணை வளையல் இன்னும் கிடந்ததால் வலக்கையின் வெறுமை கூடுதலாகத் தெரிந்தது. "கை மூளியா இருக்கு" என்று சொல்லிக்கொண்டே பாட்டி முந்தானையை இழுத்து அந்தக் கையை மூடிக்கொள்வார். யாராவது வீட்டுக்கு வந்தால் சொல்லவே வேண்டாம்.

எலாஸ்டிக் கயிற்றில் மணிகளைக் கோத்தால் விரிந்து கொடுக்குமே என்று எனக்குத் தோன்றியது. படிவம் இரண்டில் படிக்கும் பையன் வளையல் செய்வதா என்று அண்ணன் கேலி செய்தான். நான் கண்டுகொள்ளவில்லை. கிள்ளானில் தெங்கு கிளானா சாலையில் உள்ள கடையொன்றில் அடர்சிவப்புக் கண்ணாடி மணிகள் ஒரு பையும், ஒளிபுகும் எலாஸ்டிக் கயிறு ஒரு சுருளும் வாங்கினேன். ஒவ்வொரு மணியும் 8 மில்லிமீட்டர் அகலம். கயிற்றின் தடிமன் 0.8 மில்லிமீட்டர். சேமிப்பிலிருந்து 11 ரிங்கிட் கரைந்தது.

அன்று மாலையே அத்தை மகளின் நிச்சயதார்த்தம். அதற்குள் முடித்துவிட வேண்டும் என்ற அவசரம் எனக்கு. பாட்டியின் மணிக்கட்டை அளந்தேன், 17 சென்டிமீட்டர். 170ஐ 8ஆல் வகுத்தால் ஏறக்குறைய 21. கணக்கு சரி என்று 21 மணிகளைக் கோத்தேன். காலணிக் கயிற்றுக்குப் போடுவதுபோல் இரண்டு முடிச்சுகள் போட்டு, அதன்மீது வீட்டில் இருந்த அதிவிரைவுப் பசையை ஒரு சொட்டு விட்டேன். அரைமணி நேரத்தில் வேலை முடிந்தது. கோப்பதற்கு முன் கயிற்றைப் பலமுறை இழுத்துவிட வேண்டும், முடிச்சை ஓர் இரவு உலரவிட வேண்டும் என்று கயிற்றின் உறையில் அச்சிட்டிருந்தது. அதை நான் படிக்காமல் இல்லை. படித்துவிட்டுத்தான் உறையைக் குப்பைத் தொட்டியில் போட்டேன்.

மண்டபத்தில் பாட்டி வலக்கையை மறைக்கவே இல்லை. "என் பேரன் செஞ்சது" என்று கேட்டவரிடமும் கேளாதவரிடமும் நீட்டிக் காட்டினார். விருந்துக்குமுன் கை கழுவுவதற்காக வளையலைக் கழற்றினார். மீண்டும் போடும்போது விரல் முட்டிக்கு மேலே அது பட்டென்று அறுந்தது. மணிகள் தரையெங்கும் சிதறி ஓடின. சில சாக்கடைத் துளைக்குள் விழுந்தன. உறவினர்கள் பட்டுப்புடவையோடு குனிந்து பொறுக்கினார்கள்.

"பிள்ளை ஆசையா செஞ்சிருக்கான். மெதுவா போடக்கூடாதாம்மா?" என்றார் அத்தை.

"என் கைதான் முரட்டுக் கையாச்சே. நான்தான் இழுத்துட்டேன்" என்றார் பாட்டி.

நான் வாய் திறக்கவில்லை. எல்லாரும் என்னைப் பாவமாகப் பார்த்தார்கள். அந்தப் பரிதாபம் எனக்கு வசதியாகவும் இருந்தது. அடுத்த நாளிலிருந்து பாட்டி மறுபடியும் முந்தானைக்குள் கையை மறைத்துக்கொண்டார். மூன்று நாள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நான்காம் நாள் இரவு அவர் அறைக்குப் போய், "பாட்டி, உங்கள் கை மீது தவறில்லை. நான்தான் சரியாகச் செய்யவில்லை" என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

பாட்டி திட்டவில்லை, கட்டி அணைக்கவும் இல்லை. "அத்தைகிட்டயும் சொல்லிடு ஐயா. அவ இன்னும் என்னையேதான் ஏசிக்கிட்டு இருக்கா" என்றார். பிறகு, "அந்தக் கயித்தைக் கொண்டா பார்ப்போம்" என்றார்.

அத்தைக்குத் தொலைபேசியில் சொன்ன அந்த இரண்டு நிமிடங்கள் இருக்கின்றனவே, அதற்கு இன்னும் நூறு வளையல் செய்துவிடலாம்.

பாட்டி இளவயதில் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். "ரப்பரைப் பத்தி எனக்கா தெரியாது?" என்றபடி கயிற்றை இழுத்துப் பார்த்தார். இந்தக் கயிறு மரத்துப் பாலில் செய்ததன்று, ஆலையில் செய்யும் பாலியுரேத்தேன் என்றேன். "எதுல செஞ்சா என்ன? புதுசை இழுத்தா கொஞ்சம் தளரும். அந்தத் தளர்ச்சியை முதல்லயே எடுத்துடணும்" என்றார். உறையில் அச்சிட்டிருந்ததும் அதுதான். கயிற்றின் ஒரு முனையை நான் பிடிக்க, மறுமுனையைப் பாட்டி இடக்கையால் பிடித்து, பத்துப் பன்னிரண்டு முறை மெல்ல இழுத்துவிட்டோம்.

அறுந்த கயிற்றை விளக்கொளியில் பார்த்தபோது அதன் பக்கவாட்டில் கீறல்கள் தெரிந்தன. சில மணிகளின் துளை ஓரம் கண்ணாடிச் சில்லுபோல் கூராக இருந்தது. ஊசியில் பருத்தி நூலைக் கோத்து ஒவ்வொரு மணியிலும் முன்னும் பின்னும் இழுத்தோம். நூல் பிசிறினால் அந்த மணி வேண்டாம். இப்படி ஒன்பது மணிகள் கழிந்தன. அப்போது எனக்குப் பள்ளிச் சுற்றுலா நினைவுக்கு வந்தது. கெடாவில் மெர்போக்கில் உள்ள பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தோம். கடாரம் என்று நம் இலக்கியங்கள் சொல்லும் பகுதி அது. அங்குள்ள சுங்கை மாஸ் என்னும் இடத்தில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கண்ணாடி மணிகள் செய்தார்கள். புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டிலும் அதே வகைச் சிறுமணிகள் செய்யப்பட்டன. அவற்றைக் கோத்த நூல்கள் மட்கிப் போய்விட்டன. மணிகள் மட்டும் நிறம் மாறாமல் கிடைக்கின்றன. பாட்டியிடம் சொன்னேன். "நூலுதான் முதல்ல போகும்" என்றார், அடுத்த மணியை எடுத்துக்கொண்டே.

என் கணக்கும் தவறு என்பது அப்புறம்தான் புரிந்தது. கயிறு மணியின் நடுவே ஓடுகிறது. கையைத் தொடுவதோ மணியின் உட்பக்கம். 8 மில்லிமீட்டர் விட்டத்தை 3.14ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 25. அதாவது, வளையலின் உட்சுற்று கயிற்றின் நீளத்தைவிட 25 மில்லிமீட்டர் குறைவு. 21 மணி கோத்த என் வளையலின் உட்சுற்று 143 மில்லிமீட்டர்தான். 170 மில்லிமீட்டர் மணிக்கட்டில் அது எந்நேரமும் விறைத்துக்கொண்டே இருந்திருக்கிறது. பாட்டி அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. 25 மணி கோத்தால் உட்சுற்று 175; இறுக்கமும் இல்லை, நழுவவும் நழுவாது. வட்டத்தின் சுற்றளவைத் தேர்வுக்கு மட்டும் படித்ததன் விளைவு இது.

கடைசியில் முடிச்சு. பாட்டியின் விரல்களால் மெல்லிய கயிற்றைப் பிடிக்க முடியாது. ஆனால், வெள்ளிக்கிழமைதோறும் கோயிலுக்குப் பூக்கட்டியவர் அவர். "வழுக்குற கயித்துக்கு ஒரு சுத்து பத்தாது. ரெண்டு சுத்து சுத்தி இழு" என்றார். முதல் முடிச்சில் கயிற்றை இருமுறை சுற்றி, மெல்ல இறுக்கி, மேலே இன்னொரு முடிச்சு போட்டேன். பாட்டி உற்றுப் பார்த்துத் தலையை ஆட்டினார். அவிழ்த்தேன். மூன்றாம் முறைதான் ஒப்புக்கொண்டார். அதிவிரைவுப் பசை காய்ந்து கெட்டியாகிக் கயிற்றை முறித்துவிடும் என்பதால், வளைந்து கொடுக்கும் நகைப்பசையை ஒரு சொட்டு வைத்து, துளை பெரிதாக இருந்த மணிக்குள் முடிச்சை இழுத்து மறைத்தேன். இரவு முழுவதும் வளையல் சாமிமாடத்திற்குப் பக்கத்தில் இருந்தது.

காலையில் பாட்டி அதை இழுத்துப் போடவில்லை. விரல்நுனியில் வைத்து, மணிகளை உருட்டியபடியே முட்டிகளைத் தாண்டி ஏற்றினார். கையை நீட்டிப் பார்த்தார். இப்படியும் அப்படியும் ஆட்டினார்.

"என்னய்யா, சத்தமே வரலையே?"

கண்ணாடி வளையல்போல் குலுங்காது என்று விளக்கத் தொடங்கினேன். அதற்குள் பாட்டி வாசலுக்குப் போய்விட்டார். வேலிக்கு அந்தப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்த அண்டை வீட்டு மக்சிக்கிடம் வலக்கையை நீட்டி ஏதோ சொன்னார். திரும்பி வந்ததும், "அவங்களுக்கும் ஒண்ணு வேணுமாம். பச்சை மணி வாங்கிட்டு வா. முடிச்சை நான் பார்த்த பிறகுதான் கொடுக்கணும்" என்றார்.