பேசிக்கொண்டே ஓடும் வேகம்

2.4 கிலோமீட்டரை 13 நிமிடத்தில் ஓட வேண்டும். ராணுவ அதிகாரிப் பயிற்சிக்குத் தேர்வாகும் பெண்கள், பயிற்சிக்கூடத்துக்குள் காலடி வைக்கும் முன்பே எட்டியிருக்க வேண்டிய தகுதி இது. ஆண்களுக்கு 10 நிமிடம் 30 விநாடி. பெண்களுக்கு இத்துடன் 15 தண்டால், 25 சிட்-அப், 2 புல்-அப், அடிப்படை நீச்சல். அறிவிக்கையில் இதற்கெல்லாம் ஒரு சின்னக் கட்டம்தான் ஒதுக்கியிருந்தார்கள். எங்கள் குடும்பம் சில மாதங்கள் அந்தக் கட்டத்துக்குள்தான் குடியிருந்தது.

மகள் பொறியியல் படித்தவள். ஐந்து நாள் எஸ்.எஸ்.பி. தேர்வைத் தாண்டி, மருத்துவப் பரிசோதனையும் முடித்து, தகுதிப் பட்டியலுக்காகக் காத்திருந்தாள். பட்டியலில் பெயர் வருவது அவள் கையில் இல்லை, ஓடுவது இருந்தது. நான் மின்வாரியத்தில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவன். ஓட்டத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது, வகுத்தல் தெரியும். பாளையங்கோட்டையில் நாங்கள் போன கல்லூரி மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்ட உள்வட்டம் 400 மீட்டர். அப்படியானால் ஆறு சுற்று. 780 விநாடியை ஆறால் வகுத்தால் சுற்றுக்கு 130. அந்த எண்ணைப் பார்த்துக்கொள்வது என் வேலை ஆயிற்று.

விடிவதற்கு முன்பே டிவிஎஸ் எக்ஸ்எல்லில் கிளம்புவோம். எங்கள் ஊர்க் கோடையில் ஏழு மணிக்கே வெயில் முதுகில் உறைக்கும், அதற்குள் முடித்தாக வேண்டும். முதல் சுற்றில் யாருக்கும் கால் பறக்கத்தான் செய்யும். அவள் 110-ல் வந்துவிடுவாள். தசை கேட்கிற அளவுக்கு மூச்சு கொண்டுவந்து கொடுக்காத இடம் நாலாவது சுற்றில் வரும். தொடை கனத்து, 150-க்குப் போய்விடும். ஆறு சுற்றையும் ஒரே சீராக ஓடுகிறவர்தான் நேரத்துக்குள் முடிப்பார் என்பது கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்தே எனக்குப் புரிந்தது. மைதானத்தில் மற்ற அப்பாக்கள் பிள்ளைகளை வேகமாக ஓடச் சொல்லிக் கத்துவார்கள். "ஏளா, 115! மெதுவாப் போ!" என்று கத்தியவன் நான் ஒருவன்தான். "கேக்குப்பா" என்று கையை ஆட்டிவிட்டுப் போவாள்.

வீட்டில் அவள் அம்மா உளுந்தங்களி கிண்டி, கருப்பட்டியும் நல்லெண்ணெயுமாக வைத்திருப்பாள். பதநீர்க் காலத்தில் வருகிற வழியிலேயே குடித்துவிடுவோம். நீச்சலுக்குத் தாமிரபரணி இருந்தது.

இவ்வளவும் நல்ல நினைவுகள்தான். ஆனால் எனக்கு ஏக்கம் தருவது ஞாயிற்றுக்கிழமை ஓட்டம். வாரத்தில் ஓரிரு நாள் சுற்றுச் சுற்றாக, இடையில் நின்று மூச்சு வாங்கி, வேகமாக ஓடுவாள். மற்ற நாளில் மெதுவான நெடு ஓட்டம். ஞாயிறன்று பாளையங்கோட்டையிலிருந்து சுலோச்சனா முதலியார் பாலம் வரை போய்த் திரும்புவது வழக்கம். மெது ஓட்டம் எவ்வளவு மெதுவாக இருக்க வேண்டும் என்பதற்கு ஓட்டக்காரர்களிடம் எளிய அளவு ஒன்று உண்டு: மூச்சிரைக்காமல் முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். பேச்சு தடுமாறினால் வேகம் கூடிவிட்டது என்று பொருள். ஆகவே அவள் பேசியாக வேண்டும். கேட்பதற்கு, வண்டியைப் பக்கத்தில் உருட்டிக்கொண்டு வருகிற நான் இருந்தேன்.

கல்லூரிக் காலம் முழுக்க என்னிடம் "ம்", "சரிப்பா" என்பதற்கு மேல் பேசாத பெண். அந்தச் சாலையில்தான் எல்லாம் சொன்னாள். என்.சி.சி. முகாமில் ஒரு பெண் கேப்டன் தொப்பியைக் கழற்றி, முடியை இறுக்கிக் கட்டி, திரும்ப மாட்டிக்கொண்டு எதுவும் நடக்காததுபோல நடந்துபோனதைச் சொன்னாள்; ராணுவ ஆசை அங்கே தொடங்கியதாம். மருத்துவப் பிரிவுக்கு வெளியே பெண்கள் அதிகாரிகளாகச் சேரத் தொடங்கியதே 1992-ல்தான் என்றாள். குறுகிய காலப் பணியில் பத்து ஆண்டு, நீட்டித்தால் பதினாலு, அதற்கப்புறம் வீடு என்றிருந்த நிலையில், நிரந்தரப் பணி பெண்களுக்கும் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2020 பிப்ரவரியில் தீர்ப்பளித்ததைச் சொன்னாள். அதென்ன 2.4, முழு எண் கிடைக்கவில்லையா என்று கேட்டேன். அது ஒன்றரை மைல். அமெரிக்க விமானப்படை மருத்துவர் கென்னத் கூப்பர் 1968-ல் 12 நிமிட ஓட்டச் சோதனையைப் பரப்பினார். ஒன்றரை மைல் ஓட்டமும் அந்த வழியில் வந்ததுதான் என்று விளக்கினாள். பட்டியலில் பெயர் வராமல் போய்விடுமோ என்ற பயத்தையும் சொன்னாள். அதற்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. "மூச்சு வாங்குது, மெதுவாப் போ" என்றேன்.

ஒருநாள் 12 நிமிடம் 41 விநாடியில் கோட்டைத் தாண்டினாள். அதன் பிறகு கையில் கட்டிய கடிகாரத்தை அவளே பார்த்துக்கொள்ளத் தொடங்கினாள். பட்டியலில் பெயரும் வந்தது.

பரங்கிமலைப் பயிற்சிக்கூடத்தில் 49 வாரம். அங்கே போர் உடையில் துப்பாக்கியோடு 5 கிலோமீட்டர் ஓட வேண்டும், எங்கள் 2.4 அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. பயிற்சி முடித்த அணிவகுப்பு பரமேஸ்வரன் மைதானத்தில் நடந்தது. அங்கேயே பயிற்சி பெற்று, 1987-ல் இலங்கையில் உயிர்நீத்து, பரம்வீர் சக்ரா பெற்ற மேஜர் ராமசாமி பரமேஸ்வரனின் பெயர் அதற்கு. அன்று அவள் தோளில் நட்சத்திரம் வைத்தது நானும் அவள் அம்மாவும். அந்தப் படம் கூடத்துச் சுவரில் இருக்கிறது. வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, அந்த நாளை நினைத்தால் பெருமையாக இருக்குமே என்கிறார்கள். இருக்கிறது. ஆனால் திரும்பி வர வேண்டும் என்று நான் கேட்பது அந்த நாளை அல்ல.

இப்போது தொலைபேசியில் பேசுகிறோம். சாப்பிட்டாயா, குளிர் எப்படி, அம்மாவுக்கு முட்டுவலி எப்படி. எந்த இடத்தில் இருக்கிறாள் என்பதை முழுதாகச் சொல்ல மாட்டாள். சொல்லக் கூடாதென்று எனக்கும் தெரியும். வளர்ந்த பிள்ளை பெற்றவரிடம் மனம்விட்டுப் பேச ஏதாவது ஒரு சாக்கு வேண்டியிருக்கிறது. எங்களுக்கு அந்தச் சாக்கைக் கொடுத்தது ராணுவம். பேசுகிறவளைக் கூட்டிப்போனதும் அதுதான்.

விடுப்பில் வந்தால் இன்றும் பாலம் வரை ஓடுகிறாள். காதில் பாட்டு மாட்டியிருக்கும், வண்டி கூடவே வரத் தேவையில்லாத வேகம். அடுத்த முறை வரும்போது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் மெதுவாக ஓடச் சொல்லிக் கேட்கலாம் என்றிருக்கிறேன்.