ஸ்கைலாப் ராத்திரி

1979, ஆனி மாசக் கடைசி. நான் ஆறாம் வகுப்பு. ஒடுகத்தூரில் எந்தத் திண்ணையைப் பார்த்தாலும் ஸ்கைலாப் பேச்சுதான். 1973இல் அமெரிக்கா ஏவிய விண்வெளி நிலையம், 77 டன் எடை, விழப்போகிறது. எங்கே என்று சொல்ல முடியாது. டீக்கடை ரேடியோ சொன்னது இவ்வளவுதான். எங்கள் தெருவுக்குள் அது வந்து சேரும்போது உலகமே அழியப்போகிறது என்று ஆகியிருந்தது. போகிற உயிருக்கு ஆடு எதற்கு, கோழி எதற்கு என்று வீட்டுக்கு வீடு அறுத்துச் சமைத்தார்கள். அம்மா சாமி விளக்கை அணையவிடவில்லை.

புதன்கிழமை, ஜூலை 11. மத்தியானம் வகுப்பில் ஒரு பையன் அழுதுவிட்டான். தமிழய்யா புத்தகத்தை மூடி வைத்துவிட்டுப் பாரதியார் கதையைச் சொன்னார். 1910இல் ஹாலி வால்நட்சத்திரம் வந்தது. அதன் வாலில் விஷவாயு இருக்கிறது, பூமி அதற்குள் புகுந்தால் எல்லோரும் செத்தோம் என்று பல தேசங்களில் நடுங்கினார்கள். புதுச்சேரியில் இருந்த பாரதியார் ‘சாதாரண வருஷத்துத் தூமகேது’ என்று அதற்கு ஒரு பாட்டே எழுதினார்.

“நீ வந்தா பூமி சுத்தமாகும், புதுமையெல்லாம் நடக்கும், எங்க ஞானம் திரும்பி வரும்னு சொல்றாங்களே, மெய்யா பொய்யான்னு அதுகிட்டயே கேக்குறார்டா” என்றார் அய்யா. அழுத பையன் மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தான்.

ஊரெல்லாம் ஆடு அறுத்தால் தோல் எங்கே போகும்? எங்கள் வீட்டுக்குத்தான் வந்தது. நைனா பச்சைத்தோல் வாங்கி உப்புப் போட்டு ஆம்பூருக்கு அனுப்புகிறவர். அன்றைக்குப் போல் தோல் குவிந்து நான் பார்த்ததில்லை. லாந்தர் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாக விரித்தார். முடிப்பக்கம் கீழே, சதைப்பக்கம் மேலே. கல்லுப்பை வாரிப் போட்டுக் கழுத்திலிருந்து வால்வரை உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தார். ஓரம், மடிப்பு எதையும் விடவில்லை. விட்ட இடத்தில் முடி கழன்று தோல் அழுகிவிடும்.

“நாளைக்கு உலகமே இருக்காதாமே நைனா. எதுக்கு உப்பு?”

“இருந்துச்சுன்னா தோல் வீணாப் போயிடும்டா” என்றார், கையை நிறுத்தாமல்.

அந்த லாந்தர் பக்கத்திலேயே உட்கார்ந்து நோட்டின் கடைசிப் பக்கத்தில் நான்கு வரி எழுதினேன். வருவதானால் மழையைக் கூட்டிக்கொண்டு வா, எங்கள் உத்திர காவேரியில் தண்ணீர் ஓடட்டும் என்று ஸ்கைலாபைக் கேட்டிருந்தேன். நான் எழுதிய முதல் கவிதை அதுதான்.

ராத்திரி பத்து மணி சுமாருக்கு அது விழுந்திருக்கிறது. இந்துமகா சமுத்திரத்திலும் மேற்கு ஆஸ்திரேலியாவில் எஸ்பெரன்ஸ் ஊர்ப் பக்கமும் துண்டு துண்டாக. யாருக்கும் காயமில்லை என்று மறுநாள் ரேடியோ சொன்னபோது நைனா தோல்களை அடுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். ஒன்றுகூடக் கெடவில்லை.

பிறகும் 1982இல் கோள்கள் ஒருபக்கம் சேர்கின்றன என்றார்கள், 2012இல் மாயன் நாட்காட்டி முடிகிறது என்றார்கள். ஒவ்வொரு முறையும் நான் பாரதியாரின் அந்தப் பாட்டை எடுத்து வைத்துக்கொண்டு படித்தேன். அடுத்த முறை உங்கள் வீட்டுக் குழந்தை வானத்தைப் பார்த்துப் பயந்தால் நீங்களும் அதைப் படித்துக் காட்டுங்கள். கையில் ஒரு நோட்டும் கொடுங்கள். ஹாலி மறுபடி 2061இல் வருகிறது.